பால் சர்க்கரைத் தண்ணீரும் மூன்று எழுத்துகளும்: கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மரபணுத் தேடல்

கால் லிட்டர் தண்ணீர். அதில் 50 கிராம் லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை. ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் மொத்தச் சர்க்கரையும் ஏறக்குறைய இவ்வளவுதான். இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர் அதைக் குடிக்கிறார். குடிப்பதற்கு முன் விரல் நுனியில் ஒரு குத்து. குடித்த பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் வரை, இன்னும் மூன்று குத்து. ஒவ்வொரு சொட்டிலும் ரத்த சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்.

தான்சானியா, கென்யா, சூடான் ஆகிய மூன்று நாடுகளில், 43 இனக்குழுக்களைச் சேர்ந்த 470 பேருக்கு இந்தச் சோதனை நடந்தது. நடத்தியது சாரா டிஷ்காஃப் தலைமையில் ஆப்பிரிக்க, அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்த குழு. முடிவுகள் 2007இல் அச்சில் வந்தன. மனித உடல் அண்மைக்காலத்தில் எப்படி மாறியது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான். கேள்வி சின்னது, சோதனை எளிது. அதிலிருந்து கிடைத்ததோ இன்னும் பேசித் தீரவில்லை.

சோதனையின் கணக்கு இதுதான். லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்து நிற்கும் சர்க்கரை. கோத்தபடி இருக்கும்வரை குடல் அதை உறிஞ்சாது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் குளுக்கோஸ் ரத்தத்துக்குப் போகும், எண் ஏறும். நம் ஊர் லேப் சீட்டில் வரும் அளவில் சொன்னால், சுமார் 30 மில்லிகிராமுக்கு மேல் ஏறியவருக்கு லாக்டேஸ் நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 20க்குக் கீழே நின்றுவிட்டால் வேலை செய்யவில்லை. நடுவில் இருப்பவர்களைத் தனியாக வைத்தார்கள். வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கும், தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகும். வயிறு உப்புவதும் இரைவதும் பேதியாவதும் இதனால்தான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் லாக்டேஸ் சுரக்கிறது. சுரக்காத குழந்தைகள் மிக மிக அரிது. ஃபின்லாந்தில் அப்படிப் பிறப்பவர்கள் சற்று அதிகம், அதற்குக் காரணம் லாக்டேஸ் மரபணுவே பழுதாகியிருப்பது. அது வேறு கதை. மற்றபடி ஆடு, மாடு, பூனை, மனிதர் என்று எந்தப் பாலூட்டியாக இருந்தாலும் பால்குடி மறந்த பிறகு லாக்டேஸ் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். உலகில் இன்று வாழும் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இப்படித்தான். மீதி ஒரு பங்குக்கு மட்டும் அது வாழ்நாள் முழுக்கக் குறையாமல் இருக்கிறது. விளக்கம் கேட்க வேண்டியது அந்த ஒரு பங்கைப் பற்றித்தான்.

மருத்துவம் இதை வெகுகாலம் தலைகீழாகப் பார்த்தது. 1960களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த மருத்துவர்கள், பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களை நோயாளிகளாகப் பதிவு செய்தார்கள். 1966இல் பால்டிமோரில் நடந்த ஆய்வு ஒன்று, கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் இல்லை, வெள்ளையரில் சிலருக்குத்தான் இல்லை என்று காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கப் பழங்குடிகள் என்று எங்கே சோதித்தாலும் அதே நிலைமை. பிறகுதான், பால் குடிக்க முடியாததே பொதுவான நிலை, வட ஐரோப்பியர்கள்தான் விதிவிலக்கு என்று உறைத்தது. 'குறைபாடு' என்ற சொல் மட்டும் மருத்துவச் சீட்டுகளில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு கிடையாது.

ஃபின்லாந்து கொடுத்த முதல் விடை

இது பரம்பரையாக வருகிறது என்பதை 1973இல் டிமோ சாஹியும் அவருடன் வேலை செய்தவர்களும் ஃபின்லாந்துக் குடும்பங்களை வைத்துக் காட்டினார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், லாக்டேஸ் நீடிக்கும். ஆனால் எந்த மரபணு, எந்த இடம் என்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டது. லாக்டேஸ் மரபணுவையே எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். பால் செரிப்பவருக்கும் செரிக்காதவருக்கும் அதில் விளக்கமாகும்படி எந்த வித்தியாசமும் இல்லை. நொதி ஒன்றேதான். அதைத் தொடர்ந்து தயாரிக்கச் சொல்லும் உத்தரவுதான் மாறியிருக்க வேண்டும்.

2002இல் லீனா பெல்டோனென், இர்மா யார்வெலா ஆகியோரின் குழு அந்த உத்தரவைக் கண்டுபிடித்தது. ஒன்பது பெரிய ஃபின்லாந்துக் குடும்பங்களில் பரம்பரை பரம்பரையாக எந்தத் துண்டு கைமாறி வருகிறது என்று தொடர்ந்து போய், இரண்டாம் குரோமோசோமில் 47,000 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதிக்குத் தேடலைச் சுருக்கினார்கள். அப்புறம் அந்தப் பகுதி முழுவதையும் படித்தார்கள். லாக்டேஸ் மரபணு தொடங்கும் இடத்துக்கு 13,910 எழுத்துகள் முன்னால் ஓர் எழுத்து: பால் செரிக்காதவர்களிடம் அது 'சி', செரிப்பவர்களிடம் 'டி'. நான்கு மக்கள்தொகைகளைச் சேர்ந்த 236 பேரிடம் சரிபார்த்தபோதும் பிசகவில்லை.

அந்த எழுத்து இருக்கும் இடம் விசித்திரமானது. அது எம்.சி.எம்.6 என்ற பக்கத்து மரபணுவுக்கு உள்ளே இருக்கிறது. செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்க உதவுவது அந்த மரபணுவின் வேலை. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் வீட்டு விளக்குக்கு சுவிட்ச் பக்கத்து வீட்டுச் சுவரில் இருப்பது மாதிரி. 'டி' இருந்தால் ஆக்ட்-1 என்ற புரதம் அங்கே இறுக்கமாக வந்து ஒட்டிக்கொண்டு லாக்டேஸைத் தூண்டுகிறது. 'சி' இருந்தால், வயது ஏற ஏற அந்தப் பகுதியில் மீத்தைல் குறிகள், அதாவது டி.என்.ஏ. மேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகள், படிந்து சுவிட்ச் அணைந்துபோகிறது. குழந்தைக்குச் செரித்த பால் பெரியவரானதும் செரிக்காமல் போவதற்கு இந்தப் படிவும் ஒரு காரணம் என்று 2016இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் சூடானின் பெஜா மக்களும் கென்யா, தான்சானியாவின் மசாய் மக்களும் தலைமுறை தலைமுறையாக மாட்டையும் ஒட்டகத்தையும் நம்பி வாழ்பவர்கள், பால் குடிப்பவர்கள். ஆப்பிரிக்காவில் பால் குடிக்கும் குழுக்களிடம் அந்த 13,910ஆம் எழுத்தைத் தேடிப் பார்த்தபோது பெரும்பாலும் 'டி' அகப்படவே இல்லை. அப்படியென்றால் அவர்கள் எதை வைத்துச் செரிக்கிறார்கள்?

அதே சுவர், வேறு சுவிட்சுகள்

இந்தக் கேள்வியோடுதான் அந்த 470 பேரின் விரல் நுனியில் குத்தினார்கள். முதலில் உடல் என்ன செய்கிறது என்று பார்ப்பது, பிறகு டி.என்.ஏ.வைப் படிப்பது என்ற வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பாவில் கிடைத்த எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடியிருந்தால் ஆப்பிரிக்காவில் ஒன்றுமே கிடைத்திருக்காது. இவர்கள் பால் செரிப்பவர் யார், செரிக்காதவர் யார் என்று ரத்தத்தை வைத்துப் பிரித்தார்கள். பிறகு இரு பக்கத்தினரிடமும் எம்.சி.எம்.6இன் அதே பகுதியை எழுத்து விடாமல் படித்தார்கள்.

மூன்று மாற்றங்கள் கிடைத்தன. 14,010ஆம் இடத்தில் 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. 13,915இல் 'டி'க்குப் பதில் 'ஜி'. 13,907இல் 'சி'க்குப் பதில் 'ஜி'. முதலாவது தான்சானியாவிலும் கென்யாவிலும் அதிகம். மற்ற இரண்டும் சூடானின் பெஜா மக்களிடமும் வட கென்யாவிலும். ஐரோப்பிய எழுத்திலிருந்து இவை நூறு எழுத்து தூரத்துக்குள் அடங்குகின்றன. 13,907 மூன்றே எழுத்து தள்ளி இருக்கிறது. சோதனைக் குழாயில் வளர்த்த செல்களில் போட்டுப் பார்த்தபோது மூன்றுமே லாக்டேஸ் மரபணுவின் வேகத்தைக் கூட்டின. ஏறக்குறைய அதே சமயத்தில் லண்டனிலிருந்து கேத்தரின் இங்ரம், டல்லஸ் ஸ்வாலோ குழுவும் சூடானில் இதே பகுதியில் புதிய திரிபுகளைக் கண்டது. 13,915ஆம் எழுத்தின் மாற்றம்தான் சவூதி அரேபியாவில் ஒட்டகம் வளர்ப்பவர்களிடமும் ஓங்கி இருக்கிறது என்பது 2008இல் தெரிந்தது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட புத்தகத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மக்கள் கூட்டங்களில், தனித்தனியாக, ஒரே பத்தியில் எழுத்துப் பிழை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பிழையும் ஒரே பலனைத் தந்திருக்கிறது. பிழைகள் எல்லா இடத்திலும் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பால் கறக்கும் கூட்டங்களில் விழுந்த இவை மட்டும் பெருகின. பெருகியது தற்செயல் என்று சொல்ல வழியே இல்லை.

எவ்வளவு வேகமாகப் பெருகின என்பதும் டி.என்.ஏ.விலேயே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்ததும் சீட்டுக்கட்டுப் போல ஒன்றோடொன்று வெட்டி மாற்றிக்கொள்ளும். ஒரு புது எழுத்து தோன்றும்போது அதன் இரு பக்கமும் உள்ள அண்டை எழுத்துகள் அதனுடன் சேர்ந்தே பயணிக்கும். நாளாக ஆக அந்த அண்டை உடைந்து சிறுத்துக்கொண்டே வரும். 14,010ஆம் இடத்தில் 'சி' உள்ள குரோமோசோம்களில் அண்டை உடையாமல் இருக்கும் நீளம் 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல்! அதே இடத்தில் பழைய 'ஜி' உள்ளவர்களிடம் அண்டை எப்போதோ துண்டு துண்டாகிவிட்டது. நீளமான அண்டை என்றால் எழுத்து இளையது. இளையதாக இருந்தும் பலரிடம் இருக்கிறது என்றால் அது மிக வேகமாகப் பரவியிருக்கிறது. குழு கணக்கிட்ட வயது சுமார் 2,700 முதல் 6,800 ஆண்டுகள். கால்நடை வளர்ப்பு வட கென்யாவுக்கு வந்தது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன். தென் கென்யாவுக்கும் வட தான்சானியாவுக்கும் சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இந்த எழுத்து மனிதர்களோடு நடந்தும் போயிருக்கிறது. கென்யா, தான்சானியாவின் அதே 14,010 திரிபு, தெற்கே நமீபியாவில் ஆடு மாடு வளர்க்கும் நாமா மக்களிடம் இருக்கிறது. தெற்கு ஆப்பிரிக்காவுக்குக் கால்நடை வளர்ப்பு வந்தபோது கிழக்கிலிருந்து ஆட்களும் வந்தார்கள் என்பதற்கு 2014இல் கிடைத்த வலுவான சான்று இது.

மூன்று எழுத்துகளும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் வேட்டையாடியும் தேன், கிழங்கு எடுத்தும் வாழ்பவர்கள். மாடு வளர்த்தவர்களே அல்ல. சோதித்த ஹட்ஸாக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லாக்டோஸ் செரித்தது. லாக்டேஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சில தாவரங்களில் உள்ள ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளையும் அது உடைக்கும். காட்டுத் தாவரங்களை உண்பவர்களுக்கு அது உதவியிருக்கலாம் என்று குழு ஒரு யோசனையை முன்வைத்தது. பால் மட்டுமே காரணம் என்ற நேர்க்கோட்டுக் கதையை இப்படி ஒரு சிறு மக்கள் கூட்டம் தடுத்து நிறுத்துவதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பால் முதலில் வந்தது

சரி, பால் குடித்ததால்தான் இந்த எழுத்துகள் பெருகினவா? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பழைய பற்களில் படிந்து இறுகிப்போன காரையில் பால் புரதம் தங்கிவிடும். 2021இல் வந்த ஆய்வு ஒன்று சூடானிலும் கென்யாவிலும் கிடைத்த பழைய பற்களைச் சுரண்டிப் பார்த்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே சூடானில் பால் உண்டிருக்கிறார்கள். அதற்கு முன் 2019இல் மேரி ப்ரெண்டர்காஸ்ட் குழு கென்யா, தான்சானியாவில் கிடைத்த 41 பழைய மனிதர்களின் டி.என்.ஏ.வைப் படித்தது. அவர்களில் பலர் கால்நடை வளர்த்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பால் செரிக்க உதவும் எழுத்து இருந்தது ஒருவரிடம்தான்: தான்சானியாவின் கிஷிமங்கெடா குகையில் புதைக்கப்பட்ட, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர். ஆக, எழுத்து பெருகுவதற்குப் பல நூறு தலைமுறை இல்லாவிட்டாலும், நூறு தலைமுறைக்காவது முன்பே பால் சாப்பாட்டில் இருந்திருக்கிறது.

எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதற்குக் கென்யாவின் கலெஞ்சின் மக்களிடம் இன்றும் ஒரு பதில் இருக்கிறது. சுரைக்குடுக்கையை எடுத்து, எரிந்த குச்சியின் கரியை அதன் உள்சுவர் முழுக்கத் தேய்ப்பார்கள். காய்ச்சிய பாலை ஆறவைத்து அதில் ஊற்றி மூடி, நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். திறந்தால் சாம்பல் நிறம் ஓடிய, புளித்த, கெட்டியான பால். அதற்குப் பெயர் முர்சிக். புளிக்க வைக்கும் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியை முன்கூட்டியே தின்றுவிடுகிறது. குடித்த பிறகும் அது கொண்டுவந்த நொதி வயிற்றுக்குள் கொஞ்சம் வேலை செய்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு அப்பாவின் நினைவு வரும். அவருக்குப் பால் ஒத்துக்காது. காபிக்கு ஊற்றுகிற பால் சரி. ராத்திரி ஒரு பெரிய டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்று இரைய ஆரம்பித்துவிடும். மோர் மட்டும் எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் குடிப்பார். உடம்பில் ஏதோ கோளாறு என்றே கடைசிவரை நம்பினார். லாக்டேஸ் நீடிக்காத பெரும்பாலோருக்கு ஒரு டம்ளர் பாலில் உள்ள 10, 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவு தராது, அதற்கு மேல் போனால்தான் வயிறு பேசும் என்று அப்போது தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அப்படியென்றால், லாக்டேஸ் நீடிக்காமலே பால் பண்டங்களோடு வாழ முடியும். மங்கோலியாவில் இன்றும் பெரும்பாலான பெரியவர்களுக்கு லாக்டேஸ் நீடிப்பதில்லை; ஆனால் அவர்கள் சாப்பாட்டில் பாலுக்கும் தயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெரிய பங்கு உண்டு. பிறகு எதற்காக அந்த எழுத்துகள் இவ்வளவு வேகமாகப் பரவின?

இதற்குப் பெரிய அளவில் விடை தேடியது 2022இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட், லண்டனின் மார்க் தாமஸ் உள்ளிட்டோர் 554 தொல்லிடங்களில் கிடைத்த 13,000க்கும் மேற்பட்ட பானை ஓடுகளில் ஊறிப்போயிருந்த கொழுப்பைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பானைச் சுவரின் நுண்துளைகளுக்குள் போய்விட்ட கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அதன் கார்பன் அமைப்பை வைத்து அது இறைச்சியா பாலா என்று சொல்லிவிடலாம். கூடவே 1,700க்கும் மேற்பட்ட பழைய மனிதர்களின் டி.என்.ஏ. ஐரோப்பாவில் பால் 9,000 ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 'டி' எழுத்து முதலில் தட்டுப்படுவது கி.மு. 4700 வாக்கில், பரவலாவது கி.மு. 1000ஐ ஒட்டி. கி.மு. 1200 வாக்கில் ஜெர்மனியின் டோலன்ஸே ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் இறந்தவர்களின் எலும்புகளில்கூட அந்த எழுத்து எட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. எந்தக் காலத்தில் பால் அதிகம் புழங்கியதோ அந்தக் காலத்தில் எழுத்து வேகமாகப் பரவியது என்று அவர்களால் காட்ட முடியவில்லை.

இதற்குப் பதிலாக அவர்கள் கை காட்டியது பஞ்சத்தையும் தொற்றுநோயையும். நல்ல காலத்தில் பால் செரிக்காவிட்டால் வயிறு கொஞ்சம் இரையும், அவ்வளவுதான். விளைச்சல் பொய்த்த ஆண்டில் உறை ஊற்றிய பாலும் பாலாடைக்கட்டியும் தீர்ந்து, பச்சைப்பாலே கதி என்று ஆகும்போது, பட்டினியில் வற்றிய உடம்புக்குப் பேதி என்பது உயிர் போகும் விஷயம். கூட்டமாக வாழும் இடத்தில் தொற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். மக்கள்தொகை ஏறி இறங்கிய தடங்களை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது, பால் புழக்கத்தைவிட இந்த விளக்கம் தரவோடு நன்றாகப் பொருந்தியது.

வறண்ட நிலத்தைப் பற்றி ஒரு பழைய யோசனையும் உண்டு. அரேபியப் பாலைவனத்தில் பால் என்பது உணவோடு தண்ணீரும்கூட என்று 1975லேயே குக், அல்-தோர்க்கி என்ற இருவர் எழுதினார்கள். பாலைச் செரிக்கும் ஒட்டகக்காரர் அந்தத் தண்ணீரை உடம்பில் வைத்துக்கொள்கிறார். செரிக்காதவர் குடித்ததைவிட அதிகமாக இழக்கிறார். பஞ்சக் கதையும் தண்ணீர்க் கதையும் அடிப்படையில் ஒன்றையே சொல்கின்றன என்பது என் எண்ணம்: வழக்கமான நாளில் இந்த எழுத்து யாரையும் காப்பாற்றவில்லை, கெட்ட ஆண்டில் காப்பாற்றியது. மழை பொய்ப்பதும் ஆறு வற்றுவதும் அடிக்கடி நடக்கும் சூடானிலும் வட கென்யாவிலும் அப்படிப்பட்ட ஆண்டுகளுக்குக் குறைவிருக்காது.

சோதனைச் சீட்டில் இதன் விளைவு

பல நாடுகளில் இப்போது லாக்டேஸ் நீடிக்கிறதா என்று மரபணுச் சோதனை செய்து சொல்கிறார்கள். எச்சிலோ ரத்தமோ போதும். ஆனால் அவற்றில் பல, ஃபின்லாந்தில் கிடைத்த 13,910ஆம் எழுத்தை மட்டும்தான் பார்க்கின்றன. இந்தியாவில் அது பெரும்பாலும் சரியாகவே வரும். 2012இல் வந்த ஓர் ஆய்வு, நாடு முழுக்க 2,000க்கும் மேற்பட்டவர்களின் டி.என்.ஏ.வைப் படித்தது. இங்கே பால் செரிப்பவர்களிடம் பரவலாக இருப்பது ஐரோப்பியர்களிடம் உள்ள அதே 'டி' எழுத்துதான், ஒரே மூலத்திலிருந்து வந்ததுதான் என்று அது சொன்னது. வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அந்த எழுத்து குறைகிறது, அதாவது நம் பக்கம் குறைவு. எருமைகளோடும் பாலோடும் வாழும் நீலகிரித் தோடர்கள் அதற்கு விலக்கு. அவர்களிடம் அது ஓங்கியிருக்கிறது.

ஒரு பெஜா இடையரோ மசாய் பெண்ணோ அதே சோதனைக்கு வந்தால் நிலைமை வேறு. 13,910இல் பழைய 'சி' இருக்கும். பால் செரிக்காது என்று சீட்டு வரும். நூறு எழுத்து தள்ளி 14,010ஐயும், ஐந்து எழுத்து தள்ளி 13,915ஐயும் பார்க்காத எந்தச் சோதனையும் இவர்களுக்கு இதைத்தான் சொல்லும். இவர்கள் விஷயத்தில் நம்பக்கூடியது, 470 பேர் குடித்த அந்தக் கால் லிட்டர் சர்க்கரைத் தண்ணீரும் விரல் நுனியில் விழும் நான்கு குத்துகளும்தான்.